நாலாவது டிஸ்க்

ரேணுகாம்பாள் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மணிலா என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்த பிறகுதான் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டாள். கணவன் பிரசாத் கல்யாணங்களை எடுத்துவருவான். அவள் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். பெரும்பாலான கல்யாணங்களுக்கு அவள் போனதே இல்லை. ஆனாலும் தெருவில் எதிரே வருகிற முகத்தைப் பார்த்ததும், இவர் எந்தப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

எடுத்ததெல்லாம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகி, நான்கையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும் பெட்டி. நான்கில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு என்று விற்ற கடைக்காரர் அன்றே எச்சரித்திருந்தார். இன்னொரு காப்பி எடுத்து வைக்கணும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனது. பெட்டியையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கினார்கள். கடைக்காரர் பெட்டியிலிருந்த டிஸ்க்குகளை உருவித் துடைத்து, மறுபடி செருகிக் கொடுத்தார். எல்லாம் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தன.

மறுநாள் காலையில் பிரசாத் வேலைக்குக் கிளம்பிய பிறகு கீர்த்தனா போன் செய்தாள். அவள் கல்யாண வீடியோ இன்னும் முடியவில்லை. கல்யாணமான சில நாளிலேயே அவளுடைய அப்பா தருமன் மாரடைப்பில் போய்விட்டிருந்தார்.

"அக்கா, முடிச்சது இல்லன்னாலும் பரவால்லக்கா. அப்பா வர்ற எடம் மட்டும் காட்டுங்க. அம்மா கேட்டுகினே இருக்காங்க. சாயங்காலம் கூட்டினு வர்றேன்."

"வா கண்ணு," என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் பெட்டியின் ஒயரைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகி, சுவிட்சைப் போட்டாள். விசிறி இரைந்தது. திரையில் ஒரு கட்டம் எழுந்தது: இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?

அவள் எதையும் அழுத்தாமல் பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

"கேட்டா ஓகே குடுத்துடேன் ரேணு. புது சிஸ்டம், அப்டித்தான் கேக்கும்."

"எல்லாம் அழிஞ்சிடாதாங்க?"

"ஜாஸ்தி யோசிக்காத."

"கீர்த்தனா கல்யாணம் எடுத்த கேமரா கார்டு இருக்குதில்ல?"

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "அதை அழிச்சிட்டுத்தான் இப்ப இங்க எடுத்துகினு இருக்கேன்."

போனை வைத்தாள். மவுஸைத் தொடவே பயம். ஒரு விரல் தவறினால் தருமன் இரண்டாம் முறை செத்துப்போவார் என்று தோன்றியது. அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூச்சைப் பிடித்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கட்டம் மறைந்தது. அடுத்த நொடியே மறுபடி வந்து நின்றது. மறுபடியும் வேண்டாம் என்றாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின்மேல் கை வைத்தாள். உள்ளே டிஸ்க்குகள் சுற்றுகிற அதிர்வு விரலில் ஏறியது. முன்பக்கத்து விளக்குகளைக் குனிந்து பார்த்தாள். மூன்றுதான் எரிந்தன. கடைசி டிஸ்க்கின் விளக்கு அணைந்திருந்தது; அதன்மேல் விரலை வைத்தால் அசைவே இல்லை. செத்துவிட்டதா, சரியாகச் செருகப்படவில்லையா?

பெட்டியை அணைத்தாள். உள்ளே சுற்றுவது முழுக்க நிற்கும்வரை காத்திருந்தாள். அந்த டிஸ்க்கை மெல்ல இழுத்து, நேராகப் பிடித்து உள்ளே தள்ளினாள். டக்கென்று ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டவள் திரையைப் பார்க்கத் துணியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது ஃபார்மட் கேட்கிற கட்டம் இல்லை. கல்யாணங்கள் வரிசையாக நின்றன. கீர்த்தனாவுடையதைத் திறந்தாள். பந்தியில் வாளியோடு நின்ற தருமன் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "என்னைய இன்னாத்துக்கு எடுக்கற? பொண்ண எடுப்பா!"

சாயங்காலம் அந்த இடத்தைக் கீர்த்தனாவின் அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ரேணுகாம்பாளின் கண் திரையில் இல்லை, பெட்டி விளக்குகளில்தான் இருந்தது.

பிரசாத் வந்ததும், "ஓகே குடுத்தியா?" என்று கேட்டான். அவள் எரிகிற நான்கு விளக்குகளையும் காட்டினாள். மறுநாள் டவுனுக்குப் போய்த் தனியாக ஒரு டிஸ்க் வாங்கிவந்தாள். காப்பி ஓடி முடிகிறவரை, கரன்ட் போய்விடுமோ என்ற பயத்தில், வீட்டில் கிரைண்டரைப் போடக்கூட அவள் யாரையும் விடவில்லை.