கால்வாசி திறந்த வால்வு

தனபாலைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவன் ஊரான எருத்தேன்பதியில் கேட்டால் அவன் தர்மவான். பாலக்காட்டில் நாங்கள் வேலை பார்த்த பதினான்கு மாடிக் குடியிருப்பில் கேட்டால் பொறுப்பற்றவன். இரண்டுமே உண்மையில்லை. நான் அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன், கொல்லங்கோட்டு சிக்கந்தர். அவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். நடந்ததில் என் பங்கும் உண்டு. இத்தனை எரிச்சலோடு சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

எங்களிடம் பிளம்பராக வருவதற்கு முன் இருபது வருடம் அவன் தோட்டங்களில் குழாய் போட்டவன். போர்வெல்லில் மோட்டார் இறக்குவான், தென்னைக்குச் சொட்டு நீர் இழுப்பான். அவனுடைய சொந்தத் தோட்டம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. மேலே இருக்கிறவன் மடையை அடைத்துக்கொண்டால் இவனுக்குச் சேறுகூட வராது. அதனால் அடைத்து வைத்த வால்வைக் கண்டால் அவனுக்கு ஆகாது. யாரோ யாருடைய தண்ணீரையோ திருடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

உயரமான கட்டடத்தின் நியாயம் அதற்கு நேர் எதிரானது. கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து அது தானாக இறங்கும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு கிலோ அழுத்தம் கூடும். மேல் மாடிக்காரர்களுக்குக் குழாய் சிணுங்கும். அவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன மோட்டார் வேண்டும். இரண்டாம் மாடிக்கு வரும்போது நாலு கிலோ ஆகிவிடும். அதைத் தாங்காமல் குழாய் தெறிக்கக்கூடாது என்பதற்காக, ஏழாம் மாடியில் குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்குள் ஒரு பிரஷர் வால்வு இருக்கிறது. அது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் கீழே அனுப்பும். அதற்குப் பக்கத்தில், அந்த வால்வைத் தொடாமல் தண்ணீரைச் சுற்றி இறக்கும் ஒரு சுற்றுக்குழாய். பிரஷர் வால்வே பழுதானால் மட்டும், ஆள் பக்கத்தில் நின்றபடி திறப்பது. மற்ற நாளில் அதன் வால்வு இறுக்கி அடைத்திருக்கும்.

இதையெல்லாம் வந்த அன்றே தனபாலுக்குச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்.

"ஏனுங்க பாய், கீழ இருக்கறவனுக்குத் தண்ணி சாஸ்தி வருதுன்னு எந்த ஊர்லயாச்சும் கவலப்படுவாங்களா?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கீழ் மாடிகளில் தண்ணீர் நூலாக வருகிறது என்று வரிசையாகப் போன். முந்தின நாள் மேல் தொட்டியைக் கழுவியதில் மணல் இறங்கி, பிரஷர் வால்வுக்கு முன்னால் இருக்கும் சல்லடையை அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றிக் கழுவ ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்த வேண்டும். எல்லோரும் குளித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிற வேளை. மத்தியானம் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்த தனபால், என்னிடம் டக்ட் சாவியை வாங்கிக்கொண்டு போய் அந்தச் சுற்றுக்குழாய் வால்வைத் திறந்தான். முழுதாக அல்ல, கால்வாசிதான். எதற்கென்று கேட்காமலேயே சாவியைக் கொடுத்தவன் நான்.

தோட்டத்தில் அது சரியான கணக்கு. வால்வைக் கால்வாசி திறந்தால் கால்வாசித் தண்ணீர் போகும், அவ்வளவுதான். வாய்க்காலின் வாய் எப்போதும் திறந்தே கிடக்கும் அல்லவா. கட்டடத்தில் குழாயின் வாயெல்லாம் மூடியிருக்கும். பத்து மணிக்கு மேல் வீடுகள் காலியாகி எல்லாக் குழாய்களும் அடைபட்ட பிறகு, ஓடாமல் நிற்கிற தண்ணீருக்குக் கால்வாசியும் ஒன்றுதான், முழுசும் ஒன்றுதான். மேலே உள்ள பாரம் மொத்தமும் மெல்ல மெல்லக் கீழே வந்து உட்கார்ந்துவிடும். தோட்டத்தில் எத்தனை வருடம் குழாய் போட்டாலும் இது தெரியாது.

பதினொன்றரை மணிக்கு இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த பழைய ஹோஸ் பிய்ந்தது. வீட்டில் ஆளில்லை. கூடம், படுக்கையறை, மரத்தரை எல்லாம் நனைந்து, லிப்ட் குழிக்குள் தண்ணீர் கொட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செய்தி கேட்ட தனபால் இரண்டாம் மாடிக்கு ஓடவில்லை. ஏழாம் மாடிக்கு ஓடினான். சாவியை அவன் எதற்கு வாங்கினான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர் ராமுத்தாய். எருத்தேன்பதிக்காரர், ஐம்பது வயது, மூன்று வீடுகளில் வேலை. அவரை அங்கே சேர்த்துவிட்டதே தனபால்தான். அவர் வாளியைத் தொட்டிக்கு அடியில் வைப்பது வழக்கம். பிய்ந்த ஹோஸுக்குக் கீழேயே அந்த வாளி கிடந்தது.

"வாளியை இழுத்தப்போ ஹோஸ்ல மாட்டியிருக்கு, அல்லே?" என்று அசோசியேஷன் செக்ரட்டரி கேட்டார்.

ராமுத்தாய் யோசித்தார். யோசிக்காமல் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். "இடிச்சிருக்குமுங்க. எப்பவாச்சும் இடிக்கும்" என்றார். அன்றைக்கே மூன்று வீட்டுக்காரர்களும் அவரை நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான் போய்ச் சொல்லீர்றனுங்க பாய்" என்றான் தனபால்.

"வாயைத் திறக்காதே. சாவி கொடுத்தவன் நான். ரெண்டு பேருக்கும் சேர்ந்து வேலை போகும். அந்தம்மாவுக்கு வேற வீடு பார்த்துக் கொடுக்கலாம்" என்றேன். இதைச் சொன்னது நான்தான். மறைக்கவில்லை.

ஐந்து நாள் அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து திறந்து மூடினான். ஆறாம் நாள் ஞாயிறு. என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ராமுத்தாய் வீட்டுக்குப் போனான். அவர் வாசலில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவன் செம்பை வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: சல்லடை, சுற்றுக்குழாய், கால்வாசித் திறப்பு. நானும் ஆமாம் என்றேன்.

ராமுத்தாய் செம்பைக் கீழே வைத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. எனக்கோசரம் நீ பழிய ஏத்துக்காத."

"அக்கா, நெசமாத்தான் சொல்றன்."

"எனக்குத் தெரியாதா கண்ணு? அஞ்சு நாளா ராவும் பகலும் அதையே நெனச்சிட்டிருக்கறன். வாளிய இழுக்கறப்போ என்னமோ பட்டுன்னு அறுந்துச்சு. எங்காதுல கேட்டுச்சு. அப்பவே குனிஞ்சு பாத்திருக்கோணும். பாக்காம வந்தது எந்தப்பு."

அப்படி ஒரு சத்தம் வரவே இல்லை. அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனது ஒன்பதரைக்கு. ஹோஸ் பிய்ந்தது பதினொன்றரைக்கு. தனபால் அதையும் சொன்னான். சிமெண்ட் தரையில் விரலால் குழாயை வரைந்து காட்டினான். "நல்ல மனசு உனக்கு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனபால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அந்த அம்மாவோ, அவன் தன் மேல் இரக்கப்பட்டு அழுகிறான் என்று நினைத்து அவனைத் தேற்றினார்.

மறுநாள் செக்ரட்டரியிடம் போய் அவனே சொன்னான். சாவி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவனுக்கு வேலை போயிற்று. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ராமுத்தாயைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. தன் கையை இனி நம்ப முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, இப்போது தோட்டக்காட்டு வேலைக்குப் போகிறார்.

போகிற இடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: தப்பு தன்னுடையது, அதற்காகத் தனபால் வேலையை விட்டுக்கொடுத்தான், அப்படி ஒரு பிள்ளையை யார் பெறுவார்கள். போன வாரம் வேலந்தாவளம் சந்தையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து அதைச் சொல்லி அவன் தோளைத் தட்டினார். தனபால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.