சுழியோடிப் பக்கத்தின் ஓரம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு காமிக்ஸ் பக்கம் கிடக்கிறது. அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்கள் வரத் தொடங்கிய காலத்துப் பக்கம். தாள் பழுத்து, தேத்தண்ணி ஊற்றிக் காயவிட்ட துணிபோல் இருக்கும். ஆறு கட்டங்கள். நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு சுழியோடி, மூழ்கிப்போன கப்பலொன்றின் அறைக்கதவைத் திறக்கிறான். கடைசிக் கட்டத்தில் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே வெறும் கறுப்பு மை. பக்கத்தின் இடது விளிம்பைக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள், வெட்டு ஒரு இடத்தில்கூட நேராக இல்லை. வலது ஓரத்தில் பென்சிலால் தமிழில் இரண்டெழுத்து. அது என் பெயர். அதற்குக் கீழேயும் என் பெயர். அதற்கும் கீழே திரும்பவும் என் பெயர். அதை எழுதியவரை நாங்கள் கப்பலண்ணை என்று சொல்லுவோம்.

கப்பலண்ணை மன்னார்ப் பக்கத்து ஆள். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்து, எத்தனையோ வருடத்துக்கு முன் ஹம்பேர்க் துறைமுகத்தில் இறங்கியவர், பிறகு ஏறவேயில்லை. கலியாணம் கட்டவில்லை. பென்சன் எடுத்தபின் ஹனோவரில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் தனியே இருந்தார். மற்றக் கப்பல்காரர் துறைமுகங்களில் என்னென்னவோ வாங்க, இவர் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த அமெரிக்கக் காமிக்ஸ்களை வாங்கியிருக்கிறார். அதுவும் அட்டையில் பறந்துகொண்டிருக்கும் வீரர்களுக்காக இல்லை. "முன்பக்கத்து ஆளை உலகம் முழுக்கத் தெரியும் தம்பி. அவனுக்கு நான் என்னத்துக்கு?" என்பார்.

அந்தக் காலத்துப் புத்தகங்கள் தடிப்பானவை. முன்னுக்கு ஒரு பெரிய வீரன் வருவான். அவனுக்குப் பின்னால் பக்கம் நிரப்புவதற்காக நாலைந்து பக்கத்துச் சின்னக் கதைகள் வரும். ஒரு மந்திரவாதி, ஒரு குதிரை வைத்தியர், உளவாளிகளைப் பிடிக்கும் தந்திக் கந்தோர்ப் பெட்டை. கீறியவர் பெயர் இராது. சில கதைகள் மூன்று இதழில் தலைகாட்டிவிட்டு ஒரேயடியாகக் காணாமற் போய்விடும். புத்தகத்தின் அட்டை போய், நூல் விட்டு, ஒரு தாள் மட்டும் மிஞ்சினால் அது எந்தக் கதை, எந்த இதழ் என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இதற்கென்றே இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஒருத்தர் தன்னிடமுள்ள தாளைப் படமெடுத்துப் போடுவார், மற்றவர்கள் அடிபிடிப்பட்டு அதற்குப் பெயர் சொல்லுவோம். ஹம்பேர்க்கில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற மனுசனுக்கு இதென்ன விசர்ப் பொழுதுபோக்கு என்று என் மனுசி கேட்காத நாளில்லை. கேட்கட்டும். நான் அதில் கெட்டிக்காரன், அந்தப் புளுகமும் பெருமையும் எனக்கு நிறைய இருந்தது.

குழுவில் எல்லோரும் புனைபெயரில்தான் உலாவுவோம். இரண்டு வருடமாக ஒருத்தரோடு போட்டி போட்டு, ஜேர்மன் மொழியில் சண்டையும் பிடித்து, கடைசியில் ஹனோவரில் ஒரு பழைய காமிக்ஸ் சந்தையில் சந்திப்போம் என்று முடிவாயிற்று. நான் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு முன்னால் கறுத்த, கட்டையான ஒரு மனுசன் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "அட கடவுளே, நீர் தமிழோ?" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தம்பி. கதைகளுக்கெல்லாம் எங்களுக்குள் தமிழ்ப் பெயர் வைத்தோம். இந்தச் சுழியோடியும் அப்படி வந்த பெயர்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெயர் தெரியாத பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். ஆராவது கண்டுபிடித்தால் அதை அழித்துவிட்டு, கண்டுபிடித்தவரின் பெயரில் இரண்டெழுத்தைத் தமிழில் எழுதுவார். பிறகு எல்லாப் பக்கங்களையும் சேர்த்து, துணி அட்டை போட்டுக் கட்டுவிப்பார். அப்படி ஏழு தொகுதி வைத்திருந்தார். கட்டிய தொகுதியில் கத்தரி படக்கூடாது. அவருக்கு அது கோயிலுக்குள் செருப்போடு போவதைப்போல. இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். நடுக்கடலில் மிதந்த ஒரு ஆளை அவருடைய கப்பல் தூக்கியதாம். சட்டைப்பையில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. சீலையில் சுற்றித் திரும்பக் கடலில் விடும்போது, ஜெபத்தில் பெயர் சொல்லவேண்டிய இடத்தில் கப்டன் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அப்படியே மேலே வாசித்துக்கொண்டு போனாராம். "அந்த நிப்பாட்டினது இருக்கே தம்பி, அது இண்டைக்கும் எனக்குக் காதுக்குள்ள கேக்குது. பேர் இல்லாமல் ஒருத்தரும் போகக்கூடாது. கடுதாசியில கீறின ஆளெண்டாலும்."

போன வருடம் மாசி மாதமளவில் ஒருநாள் போன் எடுத்தார். வழக்கமான பகிடி ஒன்றும் இல்லை. "வீட்டுக்க ஆரோ வந்து போறாங்கள் தம்பி. சாமானை இடம் மாத்தி வைக்கிறாங்கள். மூக்குக்கண்ணாடி குளிர்ப்பெட்டிக்குள்ள கிடக்குது" என்றார். நான் சிரித்தேன். "உங்கட வீட்டில களவெடுக்கிறதுக்கு என்ன கிடக்கு அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு போன் எடுப்பதும் குறைந்துபோனது. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும்போல் இருக்கிறது.

அந்தக் கோடையில் குழுவுக்குள் ஒரு புதியவர் வந்தார். தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கிழமைக்கு ஒரு பக்கம் போடுவார், கீழே "இது என்ன கதை?" என்று மட்டும் கேட்பார். எல்லாம் நல்ல அருமையான பக்கங்கள். எங்களுக்குக் கொண்டாட்டம்தான். முதல் பக்கத்துக்கு நான் நாலு நிமிசத்தில் பெயர் சொன்னேன். நாலாவதோ ஐந்தாவதோ, தந்திக் கந்தோர்ப் பெட்டையின் பக்கத்தைப் போட்டபோது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இதுவும் தெரியாதவர்கள் முத்திரை சேர்க்கப் போகலாம் என்று எழுதினேன். ஏழெட்டுப் பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டார்கள். இரண்டு கிழமை அந்தப் புதியவர் வரவில்லை. பிறகு திரும்பவும் வந்தார், மன்னிக்கவேண்டும் என்று எழுதி, இன்னொரு பக்கம் போட்டார். எங்களில் ஒருத்தருக்கும் இந்தப் பக்கங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பழக்கம் அப்படி. கீறியவர் ஆரென்று பிடிக்க, படத்தைப் பெரிதாக்கி, காது எப்படிக் கீறியிருக்கிறது, விரல் எப்படி, கட்டத்தின் கோடு தடிப்போ மெல்லிசோ என்று கட்டத்துக்குள்ளேயே கண்ணைப் புதைத்துக்கொண்டிருப்போம். கட்டத்துக்கு வெளியே ஒரு உலகம் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், சுழியோடியின் பக்கம் வந்தது. சந்தோசத்தில் ஓ என்று கத்தியே விட்டேன். பெயரையும் இதழையும் எழுதி அனுப்பிவிட்டு நிமிர்கிறேன், தேத்தண்ணியோடு மனுசி பின்னால் நிற்கிறாள். அவளுக்குக் காமிக்ஸும் தெரியாது, காதும் விரலும் தெரியாது. "இஞ்சேருங்கோ, இதென்ன, இந்தக் கரையில உங்கட பேரெல்லோ எழுதிக் கிடக்கு?" என்றாள்.

படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் இரண்டெழுத்து, தமிழில். மற்றவர்களுக்கு அது ஏதோ கீறல். எனக்கு அது கப்பலண்ணையின் கையெழுத்து. ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்துக்குப் பெயர் சொன்னவனே நான்தான்! பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். முதலில் வந்த படங்களில் வலது ஓரம் விழவில்லை. பிறகு வந்த மூன்றில் ஓரம் தெரிந்தது, மூன்றிலும் எழுத்திருந்தது. நான் பார்க்கவேயில்லை. இடது பக்கத்தில் கோணல்மாணலாகக் கத்தரித் தடம். அண்ணையின் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்தத் தொகுதிகளில் ஒருத்தனும் கத்தரி வைக்க முடியாது. அப்படியென்றால் ஆர் வைத்தது? வீட்டுக்குள் ஆரோ வந்து போகிறார்கள் என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்துத் தரம் எடுத்திருப்பேன். "உடன போங்கோ" என்றாள் மனுசி.

அடுத்த நாள் காலை முதல் ரயிலில் ஹனோவருக்குப் போனேன். ஒன்றரை மணித்தியாலமும் அந்தக் கடைசிக் கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது, கதவும் கறுப்பு மையும். கீழ்க்கதவை ஒரு பக்கத்து வீட்டு மனுசி திறந்துவிட்டாள். அவரைப் பார்க்க ஆராவது வந்து போகிறார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் வருவதில்லை, நீங்கள்தான் முதல் ஆள்" என்றாள். மூன்றாம் மாடியில் அவருடைய கதவு பூட்டாமல் கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். கறுக், கறுக் என்று, நிதானமாக.

தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நிலம் முழுக்கப் பக்கங்கள். ஏழு துணி அட்டைகளும் வெறும் கூடாகக் கதிரையில் கிடந்தன. நடுவில் மேசைக்கு முன்னால் கப்பலண்ணை இருந்து, பெரிய கத்தரியால் ஒரு தாளை வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார், சேட்டுப் பொத்தானை மாறிப் போட்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வாங்கோ, இருங்கோ" என்றார். வாரும் தம்பி என்று முதுகில் தட்டுகிற மனுசன், கந்தோருக்கு வந்த ஆளைப்போல் என்னை வரவேற்றார்.

"என்ன செய்யிறியள் அண்ணை?" என்று கேட்டேன். கட்டியபடி வைத்துப் படமெடுத்தால் தாள் வளைந்து விழுகுதாம், அதனால் வெட்டுகிறாராம். "எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பேர். வாயில வருகுதில்லை. என்ர பேரில கேட்டால் வெக்கமெல்லோ, அதுதான் வேற பேரில கேக்கிறன்." பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "ஹம்பேர்க்கில ஒரு பொடியன் இருக்கிறான். அவனுக்குத் தெரியாத ஒண்டும் இல்லை. நல்ல பொடியன். ஆனால் கொஞ்சம் வாய்க்கொழுப்பு." நான் அட்டைகளைத் தள்ளிவிட்டு அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. எழும்பிப்போய்த் தண்ணி கொண்டுவந்து தந்தார், பாவம் மனுசன். வெறும் கோப்பை, தண்ணி விட மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சுழியோடிப் பக்கத்தை எடுத்துக் காட்டி, இது என்னவென்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்தது. "நீங்கள் கண்டுபிடிச்சபடியால் உங்கட பேரைத்தான் எழுதவேணும்" என்று பேரைக் கேட்டு, பென்சிலைத் தேடி எடுத்து, ஏற்கனவே அங்கே இருந்த என் பெயருக்குக் கீழே திரும்பவும் என் பெயரை எழுதினார். இரண்டும் ஒன்று என்று அவர் கவனிக்கவேயில்லை.

பிறகு டொக்டரிடம் டெர்மின் நாள் எடுக்க, பராமரிப்பு இல்லத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட என்று மாதக்கணக்கில் அலைந்தோம். இப்போது அவர் ஹனோவரிலேயே ஒரு இல்லத்தில் இருக்கிறார். குழுவில் உள்ளவர்களுக்கு நடந்ததை எழுதினேன். நான் எழுதிய அந்த முத்திரைப் பகிடியை அழிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, இந்தப் பக்கத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போவேன். அவர் கேட்பார், நான் கதையின் பெயரைச் சொல்லுவேன், அவர் என் பெயரைக் கேட்டு எழுதுவார். ஒருநாள் மனம் பொறுக்காமல், "என்னைத் தெரியுதோ அண்ணை?" என்று கேட்டேன். என் தலையை மெல்லத் திருப்பிக் காதைப் பார்த்தார். கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். முகத்தை எப்படியும் மாற்றிக் கீறலாம், காதும் விரலும் மாறாது என்பது அவருடைய பழைய கணக்கு. "எங்கையோ பாத்திருக்கிறன்" என்றார். "முன்பக்கத்து ஆள் இல்லை. பின்னுக்கு வாற ஆள்." பெரிய விருது கிடைத்ததுபோல் அதைச் சொல்லிக்கொண்டே ஹம்பேர்க் வந்து சேர்ந்தேன்.

இப்போது பக்கத்தை வெளியே எடுத்து வைத்துப் பார்க்கிறேன். மேலே உள்ள எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறது. கீழே வர வர எழுத்து சரிகிறது, ஐந்தாவதில் ஒரு கொம்பு இல்லை, ஏழாவது என் பெயர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். போன ஞாயிறு வழக்கம்போல் கதையின் பெயரைச் சொன்னேன். என் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். இன்னொருமுறை கேட்டார், இன்னொருமுறை சொன்னேன். பென்சிலைத் தாளில் வைத்தபடி கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஏழு பெயருக்கும் கீழே, பிழையில்லாமல், அழகாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் பென்சிலை என்னிடம் தந்தார்.

அடுத்த முறைக்கு ஒரு அழிறப்பரும் வாங்கி வைத்திருக்கிறேன்.