அக்கா தொடக்காத ஏடு

அக்கா கண்ணை மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோருடைய கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். இப்படியான மலர்களில் இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது எங்கள் வழக்கம். அக்காவைப் பற்றி நல்லது எழுத எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மற்றவர்களைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. நான் அவருடைய ஒரே தங்கை. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள் என்று அக்காவே என்னைப் பேசியிருக்கிறார். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடலைப் பார்த்தபடி இருந்த வீட்டில், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பாவுக்கு சமஸ்கிருதம் என்றால் உயிர். ஆனால் அவருக்கு அதைப் படிப்பிக்க அந்தக் காலத்தில் ஒருவரும் முன்வரவில்லை. எந்தச் சாதிக்காரர் எதைப் படிக்கலாம் என்று ஊரில் சிலர் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தை அப்பா மகளைச் சமஸ்கிருதம் படிக்கவைத்துத் தீர்த்துக்கொண்டார். வங்காளத்தில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்ததும், பெரியப்பாமார் வாசலில் வந்து நின்று, “பொம்பிளைப் பிள்ளையைக் கடல் கடத்தி அனுப்பப் போறியோ?” என்று கேட்டார்கள். அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த கிழமை அக்காவைக் கப்பலேற்றினார்.

அக்கா திரும்பி வரும்போது சரளமாக வங்காளம் பேசினார். மீனுக்குக் கடுகு அரைத்து ஊற்றினார். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. இவற்றைவிடப் பெரிதாக அக்கா கொண்டுவந்தது வாதாடும் பழக்கம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் நியாயம் பேசித்தான் வாங்குவார். ஐயர் மந்திரத்தை விழுங்கினால் பூசை நடக்கும்போதே திருத்துவார். சபையில் அப்படிச் செய்யாதேங்கோ என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டால்தானே.

அங்கே அவர் ஆராய்ந்த விஷயம் விதவைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கணவன் இறந்த பெண்ணை என்ன செய்வது என்று வங்காளத்தில் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையைப் பண்டிதர்கள் சமஸ்கிருதத்தை வைத்தே நடத்தினார்கள். சிதையில் ஏற்றத்தான் வேண்டும் என்றவர்களும் சுலோகம் காட்டினார்கள். கூடாது, அவள் வாழலாம், மறுமணமும் செய்யலாம் என்றவர்களும் சுலோகம் காட்டினார்கள். கடைசியில் நியாயமான பக்கத்துக்குச் சட்டம் வந்தது. இதிலிருந்து அக்கா எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. நூலைத் திறந்து காட்டினால் மனிதர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொண்டால் மாறுவார்கள் என்பது.

“சட்டம் வந்தபிறகு எத்தினை பேர் அக்கா விதவையளைக் கட்டினவை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கொஞ்சப் பேர்தான்,” என்று சொல்லிவிட்டு அக்கா கதையை மாற்றிவிட்டார்.

ஊரில் சில வருடங்கள் படிப்பித்தார். அத்தானைக் கைப்பிடித்தார். நாட்டில் பிரச்சினை கூடியதும் இருவரும் அகதிகளாகச் சுவிஸுக்கு வந்தார்கள். முதலில் கிடைத்த வேலை எங்கடின் மலைப்பகுதியில், பனிச்சறுக்க வருகிறவர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில். அத்தான் கோப்பை கழுவினார், அக்கா அறைகளுக்குக் கட்டில் விரித்தார். வேதாந்தம் படித்தவர் விரிப்பு மாற்றுகிறாரே என்று யாராவது இரங்கினால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். “வேதாந்தம் படிச்சவளும் கட்டிலிலதான் படுக்கிறவள்” என்பார். பிறகு சோலோதுர்னுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். அவர்களுக்கு இங்கே பிறந்தவள் ஒரே மகள், என் பெறாமகள்.

எங்கள் கோயில் தொழிற்பேட்டையில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் தொடங்கிய நாளிலிருந்து சனிக்கிழமை வகுப்பு அக்காவுடையது. பிள்ளைகளுக்குச் சுலோகம் சொல்லிக்கொடுப்பார். பொருள் தெரியாமல் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றுதான் என்பதை விளங்கப்படுத்த, இங்கத்தைய டொச் மொழியும் தமிழும் கலந்து அவர் படும் பாட்டைப் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் பிள்ளைகளுக்கு விளங்கியது. அந்த வசனத்தை நிர்வாகம் பெரிய எழுத்தில் வாசலில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே எழுதியும் வைத்தது. இப்போதும் இருக்கிறது, போனால் பாருங்கள்.

விஜயதசமியில் ஏடு தொடக்குவதும் அக்காதான். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதுவிப்பார். சோலோதுர்னில் மட்டுமல்ல, பாசலிலிருந்தும் ரயிலேறி வருவார்கள். “ரீச்சரின்ர கைராசி” என்று தாய்மார் வரிசையில் நிற்பார்கள். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் அந்த மடியில் இருந்தவர்கள். அவர்களில் சிலர் இன்று பல்கலைக்கழகம் போகிறார்கள்.

2009இல் யுத்தம் முடிந்த விதத்தை அத்தானால் தாங்க முடியவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தாமல் மாதக்கணக்கில் அதன் முன்னால் இருந்தார். அந்த வருடம் முடியுமுன் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு எல்லோரும் வந்தீர்கள், சாப்பாடு கொண்டுவந்தீர்கள். அதை மறக்கவில்லை.

அடுத்த விஜயதசமிக்கு ஏடு தொடக்க அக்காவை யாரும் கூப்பிடவில்லை. தீட்டுக் கழியாத துடக்கு வருடம் என்று நாங்களும் பேசாமல் இருந்தோம். அதற்கடுத்த வருடமும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை வகுப்பை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அதை எடுக்க வேறு ஆள் இல்லை. படிப்பிக்கலாம், ஆனால் தொடக்கி வைக்கக்கூடாது. இதில் எனக்கு வந்த ஆத்திரம் அக்காவுக்கு வரவில்லை. அவர் மகளுக்குப் பிறந்த பேத்திக்கு மூன்று வயதாகும்வரை காத்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு யார் வேண்டுமானாலும் தொடக்கட்டும், தன் பேத்தியின் முதல் எழுத்தைத் தன் கையால் எழுதுவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமாக இருந்த ஆசை. பெறாமகளும் அதைத்தான் விரும்பினாள்.

அந்த வருடம் புரட்டாதியில், நிர்வாகசபைக் கூட்டத்துக்கு அக்கா இரண்டு சமஸ்கிருத நூல்களோடு போனார். துணைக்கு நானும் போனேன். ஒரு மணித்தியாலம் பேசினார். வங்காளத்துப் பண்டிதர்களின் கதையைச் சொன்னார். கணவனை இழந்தவள் பிள்ளைக்கு எழுத்துத் தொடக்கக்கூடாது என்று தான் படித்த எந்த நூலிலும் இல்லை என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். “ரீச்சர், நீங்கள் சொல்லுறதில ஒரு பிழையுமில்லை. சாத்திரத்தில தடை இல்லையெண்டு எங்களுக்கு இண்டைக்குத்தான் விளங்குது.”

ஐயரும், “ஓம், நான் அறிய அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை,” என்றார்.

பொருளாளர் நல்ல விளக்கம் என்று பாராட்டி, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

வரும் வழியில் பஸ்ஸில் அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி இருந்தார்.

“ஒருத்தராவது எதிர்த்துக் கதைச்சவையோ, பாத்தியே?”

“அது சரி அக்கா. ஆனா ஓம், நீங்கள் வாங்கோ எண்டு ஆராவது சொன்னவையோ?”

“பிழையில்லையெண்டால் ஓம் எண்டுதானே அர்த்தம்!”

வங்காளத்தில் படித்த பெண் செய்த தவறு இதுதான். அங்கே வாதத்தில் தோற்றவன் எழுந்து இடம் விடுவான் என்று அவர் நம்பியிருந்தார். எங்கள் ஆட்கள் வாதாடுவதே இல்லை. தலையை ஆட்டித் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டு, நினைத்ததைச் செய்வார்கள்.

விஜயதசமியன்று அக்கா கடும்பச்சைச் சேலை உடுத்து, பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரிசித்தட்டுகளுக்கு முன்னால் பொருளாளரும் மனைவியும் சோடியாக இருந்தார்கள். அக்கா பக்கத்தில் போய் இருக்கப் பார்த்தார். பொருளாளரின் மனைவி கையை நீட்டினார்.

“பிள்ளையை இஞ்ச தாங்கோ ரீச்சர்.”

“ஏன்? நான்தானே தொடக்கிறன்.”

தலைவர் அவசரமாக வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “ரீச்சர், அண்டைக்கு நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதில மாற்றமில்லை. ஆனா தாய்மார் சிலர் யோசிக்கினம். உங்களை இண்டைக்கு விட்டா பிறகு எல்லாரையும் விடவேணும். நீங்கள் வழமைபோல வகுப்பை எடுங்கோ. இதை மட்டும் விட்டிடுங்கோ.”

பெறாமகள், “அம்மாதான் எழுதுவிக்கவேணும். இல்லாட்டி என்ர பிள்ளைக்கு இந்த ஏடே வேண்டாம்,” என்று சத்தமாகவே சொன்னாள். அவள் கணவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தாயார், “குறை நினைக்காதேங்கோ, பிள்ளையின்ர எதிர்காலம்,” என்று சொல்லி அக்காவின் இடுப்பிலிருந்து குழந்தையை இழுத்தார். அக்கா விடவில்லை. இரண்டு பக்கமும் இழுபட்டுக் குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா கையை எடுத்தார்.

“விடு பிள்ளை, குழந்தை அழுகுது,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, பின்வரிசையில் போய் இருந்தார். பொருளாளரின் மனைவி பேத்தியின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தார். அக்கா அங்கிருந்தே பார்த்தார். பெறாமகள் பார்க்கவில்லை, வெளியே போய் நின்றாள்.

பாசலில் மருந்துக் கம்பனிகளில் வேலை செய்யும் வங்காளக் குடும்பங்கள் சில இருக்கின்றன. அக்கா ஒருநாள் ட்ராமில் வங்காளம் பேசப்போய்த் தொடங்கிய சிநேகிதம். அவர்கள் மாசி மாதமளவில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்துச் சரஸ்வதி பூசை செய்வார்கள். அந்த முறை அவர்களுக்குப் பூசாரி கிடைக்கவில்லை. மித்தாலி என்ற பெண் அக்காவைப் பூசை செய்யக் கேட்டாள். “நான் விதவை,” என்று அக்கா முதலே சொல்லிவிட்டார். “உங்களுக்கு மந்திரம் தெரியுமோ தெரியாதோ, அதைச் சொல்லுங்கள்,” என்றாளாம். அன்று நானும் கூடப் போனேன். அக்கா பூசையும் செய்து, வங்காளக் குழந்தைகளின் கையைப் பிடித்துச் சிலேட்டில் அவர்களுடைய முதல் எழுத்தையும் எழுதுவித்தார்.

வங்காளம் சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை. மித்தாலியின் தாயார் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சேலையில், பூசைக்குக் கிட்ட வராமல் கதவோரம் இருந்தார். அக்கா கையைப் பிடித்துக் கூப்பிட்டார், தன் சுலோகங்களைச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு வங்காளத்தில் சொன்ன பதிலை அக்கா பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். “நீ எங்கள் புத்தகங்களைப் படித்தாய். எங்கள் வீடுகளில் இருந்து பார்க்கவில்லை.”

திரும்பும் ரயிலில், “பேத்தியையும் கொண்டுவந்திருக்கலாமே, நீங்களே எழுதுவிச்சிருக்கலாம்,” என்று நான் சொல்லிவிட்டேன்.

“ஏடு ஒருக்காத்தான் தொடக்கிறது,” என்றார் அக்கா.

அதற்குப் பிறகும் சனிக்கிழமை வகுப்புக்குப் போனார் என்பதைத்தான் என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை. விட்டெறியுங்கோ என்று சண்டை பிடித்தேன். “பிள்ளையள் என்ன பிழை செய்தது?” என்பார். ஆனால் நூல் திறந்து காட்டும் பழக்கம் போய்விட்டது. ஐயர் மந்திரத்தை விழுங்கினாலும் திருத்துவதில்லை. பலர் என்னிடம் வந்து, “ரீச்சர் இப்ப நல்லா அமைதியாகிட்டா” என்று சந்தோசப்பட்டார்கள்.

போன வருடம் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி நாட்களில் அவர் கேட்டது கடுகு அரைத்த மீன்குழம்பு. மித்தாலி அதைச் சமைத்து, பாசலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டார். கோயிலிலிருந்து விபூதி வந்தது. அதையும் பூசிக்கொண்டார். மகளும் பேத்தியும் பக்கத்தில் இருக்க, ஒரு காலை நேரத்தில் அமைதியாகப் போனார்.

செத்தவீட்டில் தலைவர் நல்லாகப் பேசினார். சமஸ்கிருதக் கடல் என்றார், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து, கோயிலில் நினைவஞ்சலி வைக்கிறோம், பெரிய படம் வைக்கிறோம் என்றார். நானும் இளகித்தான் போனேன். எழும்பிப் போகும்போது என் கணவரைக் காட்டிச் சொன்னார்.

“படத்துக்கு முன்னால விளக்கு நீங்களும் அண்ணையும் சோடியா வந்து ஏத்துங்கோ. அதுதான் முறை.”

“அப்ப இவர் நாளைக்குப் போனால் நான் அக்காவின்ர விளக்கைத் தொடக்கூடாதோ?” என்று கேட்டேன்.

“சேச்சே, என்ன இது, நல்ல விசயம் கதைக்கேக்க.”

அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். நினைவஞ்சலி வேண்டாம் என்றும் சொன்னேன். அதனால்தான் இன்று இந்த வாடகை மண்டபத்தில் இருக்கிறோம். வழமையாக மலரில் வரும் நிர்வாகசபையின் அனுதாபச் செய்தியும் இதில் இல்லை. அவர்கள் அனுப்பினார்கள், நான்தான் போடவில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், அவரோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, கறுப்பு உடுப்போடு வந்து நின்ற சுவிஸ் பெண்களுக்கும், மித்தாலிக்கும் பாசல் வங்காளக் குடும்பங்களுக்கும், பெட்டியைச் சுமந்த பழைய மாணவர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

அன்று அக்காவைப் பின்வரிசையில் இருக்கவிட்டவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள். நீங்கள் அழுததையும் கண்டேன், அது பொய்யான அழுகை இல்லை. உங்களுக்கும் நன்றி எழுதும்படி பெறாமகள் கேட்டாள். அக்கா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பல தடவை எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

சமையல் எல்லாருக்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறோம். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தங்கை
சோலோதுர்ன்