புளி போட்டுத் தேய்த்த படகு

செங்கல் பொடி நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாளைக்கு எரியும். அதோடு புளியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும், ரசத்தில் விரல் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பதினோரு வயதில், ஒரு கார்த்திகை மாதத்தில், அந்த எரிச்சலை யாரிடமும் சொல்ல முடியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

அப்பா அரசாங்க வேலையில் படகு ஓட்டினார். திருவண்ணாமலையில் படகா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், "உங்கப்பா மலைமேல படகு உடறாரா?" என்று கணக்கு டீச்சரே கேட்டிருக்கிறார். சுற்றுவட்டார ஏரிகளில் மீன்குஞ்சு விடவும் ஆழம் பார்க்கவும் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு மரப்படகு இருந்தது. மழைக்காலத்தில் அது வேங்கிக்கால் ஏரியில், எங்கள் வாடகை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பனைமரத்தில் கட்டிக் கிடக்கும். எழுபதுகளின் கடைசியில் வேங்கிக்கால் என்றால் ஏரியும் வயலும் பத்து இருபது வீடுகளும்தான். அந்தப் படகுக்கு வெள்ளை எனாமல் பெயின்ட், முகம் தெரிகிற பளபளப்போடு. அப்பா அதை வீட்டில் எங்களைக் கவனித்ததைவிட நன்றாகவே கவனித்தார்.

ஏரித் தண்ணீர் சும்மா விடாது. சேறும் பாசியும் கருவேல இலை ஊறிய சாறுமாகச் சேர்ந்து, தண்ணீர் தொடுகிற மட்டத்தில் படகைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு போட்டுவிடும். அதற்கு மேலே தெறித்த துளிகள் வெயிலில் காய்ந்தால் உப்பு பூத்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதனால் ஒவ்வொரு தடவை ஏரியைச் சுற்றிவிட்டு வந்ததும் அப்பா படகைப் பாதி கரைக்கு இழுத்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் தானாகக் காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார். கோடு விழுந்திருந்தால் பூந்திக்கொட்டை நுரையைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைப்பார். மாதம் ஒரு தடவை மெழுகு பூசுவார். "படகைத் துடைக்கணும், தேய்க்கக் கூடாது" என்று அவர் சொல்லாத நாளில்லை. அதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, ஒரு தடவையாவது காதில் ஏறியிருக்க வேண்டாமா?

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்தில் நான்கு ஊர் மாற்றல் பார்த்தவள். எந்த வாடகை வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். "எதுக்கு? நாளைக்கே மூட்டை கட்டுனு ஆர்டர் வரும்" என்பாள். பித்தளைப் பாத்திரங்களில் பாதி டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கும். வேங்கிக்காலுக்கு வந்து இரண்டாவது வருஷம் ஒரு நாள், பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கிவந்து, கூடத்துச் சுவரில் வரிசையாக ஏழு ஆணி அடித்தாள். காரணம் எனக்குத் தெரியும். அவள் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர், பஸ் ஏறினால் வந்துவிடும். தாத்தா படுக்கையில் விழுந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கேழ்வரகுக் கூழோ நெய்ச்சோறோ தூக்கில் எடுத்துக்கொண்டு போய்த் தாத்தாவுக்கு ஊட்டிவிட்டு வருவாள். கல்யாணம் ஆகிப் போன பிறகு பிறந்த வீடு இவ்வளவு பக்கத்தில் அமைந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

எனக்கோ கை கால் ஓர் இடத்தில் நிற்காது. "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்வது வழக்கம். அந்த வருஷம் கார்த்திகை பிறந்த வாரத்தில் அப்பா அலுவலக வேலையாக ஐந்து நாள் வேலூர் போய்விட்டார். மழை விட்டு விட்டுப் பெய்தது. படகு தண்ணீரிலேயே கிடந்தது, துடைக்க ஆள் இல்லை. நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன், படகின் இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை. அப்பா வந்து பார்த்தால் என்ன சொல்வார்? அவர் வருவதற்குள் ஏதாவது செய்யவேண்டும் என்று ஒரு தவிப்பு.

வீட்டுக்குள் அம்மா தீபத்துக்காக விளக்குகளைக் கிணற்றடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியைக் கரைத்து, செங்கல் பொடி தொட்டு, தேங்காய் நாரால் நாலு இழுப்பு இழுத்தால், கறுத்த குத்துவிளக்கு தங்கம் மாதிரி வந்தது. "புளிக்குப் போகாத கறை ஒண்ணு இருக்கா?" என்றாள் அம்மா, என்னிடமோ விளக்கிடமோ.

மறுநாள் சனிக்கிழமை. புளி, பொடி, நார் மூன்றையும் ஒரு குண்டானில் போட்டு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்று, காலையில் ஆரம்பித்து உச்சிவெயில் வரைக்கும், இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் முடித்து, மூச்சு வாங்கத் தேய்த்தேன். கறை போனது! பட்டை இருந்த இடமே தெரியவில்லை. கைவலியோடு கரையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு வந்த கர்வத்தை இன்று நினைத்தால்கூட முகம் சுடுகிறது.

சாயங்காலம் அப்பா பஸ் இறங்கி நேராக ஏரிக்குத்தான் போனார். வீட்டுக்கு வந்தபோது பையைக்கூடக் கீழே வைக்காமல் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கை முழுக்க வெள்ளைப் பொடி, சுண்ணாம்புச் சுவரைத் தடவியது போல.

"யாரு படகைத் தேய்ச்சது?"

நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் விரல்களைப் பார்த்தாள், பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"நான்தாங்க. கறையா இருக்குதேனு புளி போட்டுத் தேய்ச்சேன்."

"பாத்திரம் தேய்க்கிற புத்தியப் படகுல காட்டிட்டியே! பெயின்ட்டுத் தோலையே உரிச்சு வச்சிருக்க. இனிமே தண்ணி மேல நிக்காதுடி, உள்ள எறங்கும்."

சொன்னது அப்படியே நடந்தது. பளபளப்பு போன பெயின்ட் பஞ்சு மாதிரி ஏரித் தண்ணீரைக் குடித்தது. அப்பா துடைக்கத் துடைக்க மறுநாளே கறை வந்தது, முன்பு மேலோடு நின்றது இப்போது உள்ளே ஊறி வந்தது. புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்றால் அலுவலகத்தில் "தீபம் முடியட்டும்" என்றார்கள். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கைக்காசு போட்டு அடிக்கலாம் என்றாலும் கார்த்திகை ஈரத்தில் எனாமல் காயாது. தீபத்துக்கு முந்தின வாரம் திருவண்ணாமலைக்கு வராத அதிகாரி கிடையாது. எந்த இலாகாவானாலும் 'இன்ஸ்பெக்‌ஷன்' அப்போதுதான் விழும், குடும்பத்தோடு விழும். அப்பாவின் மேலதிகாரியும் வேலூரிலிருந்து வருகிறார் என்று சேதி வந்துவிட்டது.

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. அப்பா விடிவதற்குள் ஏரிக்குப் போவார், வருவார், மறுபடி போவார். அம்மா சுவரிலிருந்த ஆணிகளை அடிக்கடி பார்த்துக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கரையில் நின்று பட்டையின் அகலத்தை விரலால் அளப்பேன். நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பேன். சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார், மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக. படகை ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அதிகாரியின் மனைவி நாவல்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டியிருந்தார். அப்பா கைகொடுத்து ஏற்றும்போது கால் வழுக்கி அவர் படகின் ஓரத்தில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் புடவையில் வெள்ளைப் பொடியும் பழுப்புச் சேறும் குழைந்து அப்பியிருந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுதான் நீ படகு வச்சிருக்கிற லட்சணமா?" என்றார் அதிகாரி. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கு முன்பும் பின்பும் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஆர்டர் வந்தது, ராமநாதபுரம் பக்கம். அம்மா ஏழு ஆணிகளையும் குறட்டால் பிடுங்கி, ஓட்டைகளில் சோப்பை அடைத்துத் தேய்த்துவிட்டு, "வீட்டுக்காரர் கேப்பாருங்க, அதான்" என்று மட்டும் சொன்னாள். சித்திரையில் தாத்தா போய்விட்டார். தந்தி கிடைத்து, பஸ் மாறி மாறி அம்மா கீழ்பென்னாத்தூர் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் கழுவிவிட்ட ஈரம்தான் இருந்தது. அம்மா அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் படகில்தான் போய் முடிந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தியானால் "படகு தேய்ச்ச கைதானே" என்பார் அப்பா. என் படிப்பைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னால் "உன் யோசனையத்தான் ஏரியில பாத்தோமே." ஆரம்பத்தில் கோபமாகச் சொன்னவர் வயதாக ஆகக் கேலியாகச் சொன்னார், கடைசியில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கவைக்கிற கதையாகவே ஆக்கிவிட்டார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். கோழை என்றால் நான்தான், வேறு பெயர் எதற்கு?

ஓய்வு பெற்ற பின் அவர்கள் வேங்கிக்காலுக்கே திரும்பி வந்தார்கள். ஒரு தீபத்தன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். அப்பா ஆரம்பித்தார், "அரசாங்கப் படகையே புளி போட்டுத் தேய்ச்ச மகராசி இவ..." எனக்கு என்ன ஆனதோ, "அப்பா, தேய்ச்சது நான்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"ஏன்டி, நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னா அவளை அடிச்சிருப்பீங்க. சின்னப் பொண்ணு. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தானே" என்றாள் அம்மா, வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

அன்றைக்கு மலையில் தீபம் ஏற்றினதைப் பார்க்க அப்பா வெளியே வரவில்லை. அதன் பிறகு அவர் இருந்த மூன்று வருஷமும் படகைப் பற்றிப் பேசவே இல்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். எனக்குப் பாரம் இறங்கியது உண்மைதான்; இறங்கிய பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, வரிசை வரிசையாகப் புது வீடுகள் இருக்கின்றன. படகு கட்டியிருந்த பனைமரமும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. ஏரியில் படகு போனது என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அம்மா கதை சொல்கிறாள். "நான் ஒரு தடவை படகையே புளி போட்டுத் தேய்ச்சேன்" என்று ஆரம்பித்து, "பாத்திரம் தேய்க்கிற புத்தியப் படகுல காட்டிட்டியே!" என்று அப்பாவின் குரலிலேயே, அவர் கத்தியது போலவே கத்துகிறாள். நேற்று நான் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இருடி" என்றாள், "அவரு திட்டினது என்னைத்தான்."