கோ நைங் எழுதச் சொன்ன கடிதம்

யாங்கூனில் யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. வந்த புதிதில் இதை இந்த ஊரின் நல்ல குணம் என்று நினைத்து, திருநெல்வேலிக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். டீக்கடையில் சமோசா இருக்கிறதா என்று கேட்டால் ‘யபாடே’ என்பார்கள். பேருந்தில் ஒருவருடைய காலை நாம் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அவர் ‘யபாடே’ என்பார். கிடைக்கும், செய்யலாம், பரவாயில்லை, விட்டுத் தள்ளுங்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். எப்போது எந்தப் பொருள் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்திலோ எப்போதும் ஒரே புன்னகை.

யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். நர்கீஸ் புயல் அடித்த மறுவருடம் எங்கள் கல்லூரி பெண்கள் கால்பந்து அணி ஒன்றை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர்கள் பாதி நேரம் மின்சாரமில்லாமல் தூங்கின. பந்துக்கு மின்சாரம் வேண்டாமல்லவா, அந்தத் தொலைநோக்கை நான் மதிக்கிறேன். கோ நைங் என்ற இளைஞர் பயிற்சியாளராக வந்தார். பக்கத்துப் பகுதியான தாகேதாவில் ஒரு பெண் கோல் காப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். “சயா, உங்கள் ஆள்தான், தமிழ்ப் பெண். மூன்று வருடப் படிப்பு இலவசம் என்று ஒரு கடிதம் வேண்டும். நீங்கள் எழுதினால் கனமாக இருக்கும்.” சயா என்றால் இங்கே வாத்தியார். என் ஆங்கிலத்துக்கு இவ்வளவு மரியாதை திருநெல்வேலியில் கிடைத்ததே இல்லை. உச்சி குளிர்ந்து, நீண்ட நீண்ட வாக்கியங்களாக எழுதினேன். கோ நைங் கையெழுத்துப் போட்டார். முதல்வர் டோ கின் முத்திரை குத்தினார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தாகேதாவுக்குப் போனவனும் நானே. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வள்ளி, பள்ளியில் மா ஏ ஏ. அப்பா முனியாண்டி லைன் கார் என்கிற டவுன் பஸ் ஓட்டுகிறார். அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, வள்ளி பர்மிய மொழியில் அப்பாவிடம் சந்தேகம் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயில் வராது.

“சயா, கார்மென்ட்ஸ் கம்பெனியிலயும் புள்ளயக் கேக்குறாங்க. வேலையும் குடுத்து டீமுலயும் சேத்துக்குறாங்களாம். எதுக்கு அனுப்பட்டும்?” என்றார் முனியாண்டி.

“முத்திரை குத்தியிருக்கு அண்ணே. படிக்க வையுங்க,” என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அவர் கார்மென்ட்ஸ்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே மாண்டலேயில் ஒரு பெரிய அணி கூப்பிட்டது என்று கோ நைங் கிளம்பிப் போனார். எனக்கு ஒரு டப்பா ஊறுகாய்த் தேயிலை பரிசாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார், நன்றி மறவாதவர். புதிதாக வந்த கோ செட் தன்னோடு தன் கோல்கீப்பரையும் கூட்டிவந்தார். வள்ளியின் கடிதத்தை இரண்டு கையாலும் பணிவாக வாங்கிப் படித்தார். “ரொம்ப நல்ல ஆங்கிலம் சயா. ஆனால் இது கோ நைங் கொடுத்த வாக்கு. அவரிடம்தான் கேட்க வேண்டும்,” என்றார்.

நான் படித்த கல்லூரியில் இதே கதை நடந்திருக்கிறது. என் அறைத்தோழன் ஒருவனுக்கு வாலிபால் கோட்டாவில் கட்டணமில்லை என்று சொன்ன உடற்பயிற்சி இயக்குநர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், “எழுத்துல இருக்காடே?” என்று கேட்டார். இல்லை என்றதும் வெளியே போகச் சொன்னார். எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் உலகமே நியாயமாக நடந்துகொள்ளும் என்று அன்றைக்கு நம்பினோம். இங்கே எழுத்தில் இருந்தது. அதனால் உட்காரவைத்து, டீ கொடுத்து அனுப்பினார்கள்.

டோ கின்னிடம் போனேன். “இது கல்லூரியின் முத்திரை அல்லவா? அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்,” என்றேன். அவர் புன்னகையோடு, “யபாடே, சயா,” என்றார். நான் தாகேதாவுக்குப் பறந்துபோய், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். முனியாண்டி வீட்டில் எனக்குக் கோழி அடித்தார்கள். சேர்க்கை நாளன்று வள்ளி கைலி மாதிரியான புதுப் பச்சை லோஞ்சி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. டோ கின் சொன்ன யபாடேக்கு ‘விட்டுவிடுங்கள்’ என்று பொருளாம். அலுவலக எழுத்தர் எனக்கு விளக்கினார். அந்த நாட்டில் அது எனக்கு ஆறாவது வருடம்.

முனியாண்டி கத்தவில்லை. “நீங்க என்ன செய்வீங்க சயா, நீங்களும் வந்த ஆளுதானே,” என்றார். கத்தியிருக்கலாம். கார்மென்ட்ஸ் இடத்தில் அதற்குள் வேறொரு பெண் சேர்ந்துவிட்டிருந்தாள்.

அன்று மாலையே விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆசிரியர்களின் உறவினர் ஒருவருக்குக் கட்டணமில்லை என்று ஒரு விதி இருந்தது. விண்ணப்பத்தில் வள்ளியை என் அண்ணன் மகள் என்று எழுதினேன். நான்கு தலைமுறையாக யாங்கூனில் இருக்கும் குடும்பத்துப் பெண், விசாவில் இருக்கும் ஒருவனின் உறவாக மாறிய பிறகுதான் அவளுடைய ஊரில் அவளுக்குப் பாடம் கிடைத்தது. டோ கின் படிவத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அந்த ஒரு முத்திரைக்காக அவரை நான் முழுதாகத் திட்ட முடியாமல் போனது. அணியில் மட்டும் இடமில்லை என்றார் கோ செட். உறவினர் விதி பாடத்துக்குத்தானாம்.

வள்ளி பகலில் என் வகுப்பில் தட்டச்சு செய்தாள், மாலையில் தாகேதா வார்டு அணிக்குக் கோல் காத்தாள். மழைக்காலம் முடிந்து நடந்த போட்டியில் எங்கள் கல்லூரியும் தாகேதாவும் மோதின. ஆசிரியர்கள் எல்லோரும் கல்லூரியின் நீலச் சட்டையில் வர வேண்டும் என்பது உத்தரவு. கோல் கம்பத்துக்குப் பின்னால் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் டோ கின். எதிர்ப்பக்கத்தில் முனியாண்டியும் லைன் கார்க்காரர்களும். இரண்டாம் பாதியில் வள்ளி எங்கள் பக்கத்துக் கோலுக்கு வந்தாள். அவளுடைய வகுப்புத் தோழிகளே அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கூச்சல் போட்டார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் கல்லூரிக்குப் பெனால்டி கிடைத்தது.

எங்கள் அணித்தலைவி பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பாள் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வுக்கூட ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. மின்சாரமில்லாத மாலைகளில் வேறு என்ன வேலை? எழுந்தேன். இடது என்றால் வள்ளிக்குப் புரியாது, அவள் வீட்டில் புழங்கும் சொல் வேறு. “வள்ளி, பீச்சாங்கை! பீச்சாங்கைப் பக்கம்!” என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடதுபுறம் பாய்ந்தாள். பந்து அவள் விரல்களில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது.

மாணவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கோ செட் தண்ணீர் பாட்டிலை உதைத்தார். “என்ன கத்தினீர்கள், சயா?” என்று டோ கின் கேட்டார். “சாமியைக் கூப்பிட்டேன்,” என்றேன். “உங்கள் சாமி நம் கட்சி இல்லை போலிருக்கிறது,” என்று சொல்லிப் புன்னகைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து முனியாண்டி லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, “சயா, இங்கிட்டு வாங்க!” என்று இரண்டு கையாலும் அழைத்தார். நீலச் சட்டையோடு நான் அங்கே போக முடியாது. அத்தனை முகங்களும் என்னையே பார்க்க, திரும்ப உட்காரவும் முடியவில்லை. நடுவர் கடைசி விசில் ஊதும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.