முதல் பரிசு சைக்கிள்

எனக்கு ஒன்பது வயதில் ஒரு சிவப்பு சைக்கிள் கிடைத்தது. கடையில் வாங்கியதல்ல. மாமா ஜெயித்தது.

மாமா, அம்மாவின் தம்பி. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்நூக்கர் கிளப்பில் மார்க்கர். ஆடுகிறவர்களுக்குப் பாயிண்ட் போட வேண்டும், பந்தைத் துடைத்து அடுக்க வேண்டும், மேஜைத் துணிக்கு பிரஷ் போட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் தனியாக ஆடி ஆடியே கற்றுக்கொண்டார். பெரிய மனிதர்கள் அவரிடம் தோற்றுவிட்டு, தோளில் தட்டிவிட்டுப் போவார்கள்.

மாநிலத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. போட்டி நடத்துவதும் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவதும் அவர்கள்தான். அதில் முதல் நாலு பேருக்குள் வந்தால் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எழுதிப் போடலாம். வயது வரம்பு உண்டு. மாமாவுக்கு அதுதான் கடைசி வருடம். வீட்டில் வேறு பேச்சு இல்லை.

சங்கத்துக்கு ஒரு சட்டம். அவர்கள் அனுமதிக்காத போட்டியில் ஆடினால் ஒரு வருடம் தடை. மாமாவுக்குத் தெரியும். ஆனால் பெருங்களத்தூரில் புதிதாகத் திறந்த கிளப்பில் முதல் பரிசு சின்னப் பிள்ளைகள் சைக்கிள் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். மாமா போனார். சைக்கிளோடு வந்தார்.

மட்கார்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாமா அதை நகத்தால் சுரண்டி எறிந்தார்.

"யாராவது கேட்டா கடையில வாங்கினதுன்னு சொல்லுடி" என்றாள் அம்மா.

"கொழந்தைக்கு இன்னாத்துக்குக்கா அதெல்லாம். வுடு."

காகிதத்தைப் பொறுக்கினேன். மாமா பெயர் கிழிந்து போயிருந்தது. கிளப் பெயரும் முதல் பரிசு என்பதும்தான் மிச்சம். சோற்றுப் பருக்கை தேய்த்து சீட்டுக்கு அடியில் ஒட்டினேன்.

சங்கத்துப் போட்டியில் சில ஆட்டங்கள் மாமாவின் கிளப்பில் நடக்க இருந்தன. மேஜை மட்டம் பார்க்கச் சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். அன்றைக்குத்தான் நான் சாப்பாட்டுக் கேரியரோடு போனேன்.

அவர் நல்ல மனிதர். வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார்.

"புது சைக்கிளா பாப்பா? யாரு வாங்கிக் குடுத்தது?"

"வாங்கல சார். மாமா ஸ்நூக்கர்ல ஜெயிச்சாரு. பெருங்களத்தூர்ல."

பிரஷ் போட்டுக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. கிளப் முதலாளி குறுக்கே வந்தார்.

"இது சும்மா வுடுது சார். வாயத் தொறந்தா பொய்யி. நேத்து எங்க வூட்டு நாய சிங்கம்னு சொல்லிக்கினு இருந்துச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, சாய்த்து, சீட்டுக்கு அடியைக் காட்டினேன்.

செயலாளர் குனிந்து படித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரோ ஜெயிச்சத நீ வாங்கியிருப்ப. அப்படித்தானே தம்பி? ஆமான்னு சொல்லு, போதும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அழத் தயாராக நின்றிருந்தேன்.

"கொழந்த பொய் சொல்லாது சார். நான்தான் ஆடினேன்."

"எழுதித்தான் ஆகணும்பா நான்."

"எழுதுங்க சார்."

அவர் போன பிறகு, ஏற்கெனவே பிரஷ் போட்ட மேஜைக்கு மாமா முதலிலிருந்து மறுபடி போட்டார். கேரியரைத் திறக்கவில்லை.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடம். அது முடிந்தபோது வயது தாண்டிவிட்டது. மாமா மார்க்கராகவே இருந்தார். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன்.

செயலாளர் வந்துபோன அன்று மதியம், கிளப்பிலிருந்து வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா தெருக் குழாயில் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் இருந்தபடியே சொன்னேன்.

"சங்கத்து சார்கிட்ட கிளப்காரர் என்னைப் பொய் சொல்றேன்னாரு. நான் முதல் பரிசுன்னு இருந்ததைக் காட்டினேன். மாமா எல்லார் முன்னாடியும் நான் பொய் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டாரு."

அம்மா அடிப்பதை நிறுத்தினாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. பம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு, மீதியை நான் அடிக்கிறேன் என்றேன்.