மெழுகு ஒட்டிய கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை மங்கலத்தில் நண்பர் சுப்பிரமணியத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவன், மனைவி இரண்டு பேரும் என்னை நன்றாக விசாரித்தார்கள் — தனித்தனியாக. மகன் இறந்ததிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி சார்ஜில் இருந்தபோது வெடித்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த பையன் பிழைக்கவில்லை. "மட்டமான வண்டிய வாங்கிக் குடுத்தது நீங்கதானுங்க" என்றார் அவர் மனைவி. "ஊட்டுக்குள்ள சார்ஜ் போடச் சொன்னது ஆரு?" என்றார் இவர். அதற்கு மேல் என்ன பேசுவது?

மூத்தவள் கவிதா கோவையில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறாள். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு செய்வது அவள் வேலை. பேட்டரிக்கு இரண்டு முனை. வெளியே மீட்டர் வைத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாது. அதற்காக மூன்றாவதாக ஒரு கம்பியை உள்ளே விடுகிறார்கள். முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, நுனியில் மட்டும் கொஞ்சம் லித்தியம். அது எந்தப் பக்கமும் சேராது. சும்மா இருந்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

தம்பியின் ஸ்கூட்டரோடு வாங்கிய ஸ்பேர் பேட்டரி தப்பியிருந்தது. அதிலிருந்த செல்களை அவள் திறந்து பார்த்ததில் ஒவ்வொன்றாக வீணாகி, கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சாதாரண சார்ஜிலேயே அது உள்ளுக்குள் கெடுகிறது என்று கம்பி காட்டிவிட்டால்... பழி செல்லின் மேல் போகும். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தக் கம்பி சுருளிலிருந்து எடுக்கும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தவள் அப்பாவிடம் புலம்பியிருக்கிறாள். "இங்க குடு கண்ணு" என்று வாங்கிப் போனவர், தன் பனியன் நிட்டிங் யூனிட்டில் நூல் சுற்றும் கோன் ஒன்றில் அழகாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பனியனுக்கு நூல் சுற்றும்போது மெழுகில் உரசவிட்டுத்தானே சுற்றுவார்கள்? ஊசியில் சிக்காமல் வழுக்கிப் போகட்டும் என்று. மகளின் கம்பிக்கும் அதையே செய்திருந்தார். யோசித்தா செய்திருப்பார்? கை பழகிய வேலை.

நுனியில் ஒட்டிய மெழுகால் லித்தியம் சரியாகப் படியவில்லை. ரீடிங் கண்டபடி அலைந்தது. காரணத்தை அவள் கண்டுபிடிப்பதற்குள் கடைசி செல்லும் போய்விட்டது.

இதையெல்லாம் கவிதா வாசலில் நின்று என்னிடம் சொன்னாள். பிறகு இருவரும் உள்ளே போனோம்.

"டெஸ்ட்டுல என்ன கண்ணு தெரிஞ்சுது?" என்றார் அம்மா.

"ஒண்ணும் தெரியலீங்கம்மா. செல்லு வீணாப் போயிருச்சு."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அவர் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்பா அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"கம்பி அறுந்து போகாம வந்துச்சா சாமி?"

"நல்லா வந்துச்சுங்கப்பா."

அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி. ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். இருந்தாலும், மங்கலம் பக்கத்து வாசகர்களே... இந்த வாரம் மட்டும் இந்தப் பக்கத்தை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.